போத்தலில் ஏறிய மலை

கல்முனைக் கடைத்தெருவில் ஸிராஜின் அச்சகத்தில் எட்டு வருடமாகக் கல்யாண அழைப்புக் காட் கீறிக் கொடுத்தவள் சுபைறா. எத்தனை பேருக்கு ரோசாப்பூ வைத்திருப்பாள், எத்தனை பேருக்குத் தங்க எழுத்தில் பிஸ்மில்லாஹ் போட்டிருப்பாள் என்று கேட்டால் அவளுக்கே சிரிப்பு வரும். தேர்தல் வந்தால் வேட்பாளர்களின் கன்னத்துப் பருவை அழிப்பதும் அவள் வேலைதான். ஊருக்கெல்லாம் காட் போட்டவளுக்குச் சொந்தக் காட் போட முப்பத்திமூன்று வயது வரை வாய்க்கவில்லை. சாய்ந்தமருதில் ஒரு பெண்ணுக்கு முப்பத்திமூன்று என்றால் என்னவென்று தெரியாதவர்கள் தெரியாமலே இருந்துவிட்டுப் போங்கள், அதுவும் நல்லதுதான்.

கடைசியில் வந்தது ஒரு சம்மந்தம். நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்யும் ஹஸன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார்; அந்த வீட்டைப் பெண் பக்கம் கட்டி வைத்திருக்க வேண்டும். வாப்பா மௌத்தாகிப் போன வீட்டில் யார் கட்டுவது? சுபைறாவேதான் கட்டினாள், ஒரு வருடம் ஒரு அறை, மறு வருடம் ஒரு கூரை என்று. குசினிக்கு மாபிள் பதித்த மாதம் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். உம்மா சபூறா அன்றிரவு தொழுகைப்பாயிலேயே தூங்கிப்போனாள்.

அதே மாதம்தான் அந்த வேலையும் வந்தது.

ஸிராஜ் அதை மெஷின் ஓடும் சத்தத்துக்குள் குரலைத் தாழ்த்திச் சொன்னான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் செயலாளராக இருக்கிற ஆளல்லவா, சில கதைகளுக்கு மெஷின் சத்தம் தேவைப்படும்.

"ஆஸ்திரேலியாவுல ஒரு மனிசி திராட்சைத் தோட்டம் வெச்சிரிக்கா. போத்தலுக்கு லேபல் வேணுமாம்."

"என்ன போத்தல் காக்கா?" அண்ணன் முறைக்கு அவனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"திராட்சைச் சாறு."

"சாறா, வைனா?"

ஸிராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அவ அத என்னவும் செய்யட்டும். நீ கீறப்போறது மலையும் ஆறும். மலை குடிக்குதா? ஆறு குடிக்குதா?"

"வேற ஆருக்கும் குடுங்களேன். கல்யாணம் வெச்சிக்கிட்டு எனக்கு என்னத்துக்கு இது."

"கல்யாணம் முடிஞ்சி நீ வேலைக்கு வருவியோ மாட்டியோ, அதுவும் எனக்குத் தெரியா. இப்பவே வேற ஆளப் பாக்கச் சொல்லுறியா?"

அவ்வளவுதான் சொன்னான். மேல்மாடிக் கூரைக்கு இன்னும் ஓடு போடவில்லை என்பது அவனுக்கும் தெரியும். அன்று பின்னேரமே சுபைறாவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்தான். "என்ட பேர் வேணாம். நான் பள்ளியில இரிக்கன்" என்றான். அவள் பெயர் என்றால் பரவாயில்லையாம். அவளுக்கு அது உறைக்கவும் இல்லை, பாவம்.

அந்த வெள்ளைக்கார மனிசி நூற்றிச்சொச்சம் படங்கள் அனுப்பியிருந்தாள். ஒரு நீண்ட மலைச்சரிவு, அடியில் வளைந்து போகும் சின்ன ஆறு, உச்சியில் இடி விழுந்து பட்டுப்போன ஒற்றை மரம். விடியப்புறத்தில் பள்ளத்துக்குள் பனிமூட்டம் கிடக்கிறது, பத்து மணிக்குத்தான் கலைகிறது என்று எழுதியிருந்தாள். எங்கள் கத்தரிச்செடியைப் பற்றிக் கூட நாங்கள் இவ்வளவு அக்கறையாக எழுதமாட்டோம்.

சுபைறா மலையை எங்கே கண்டாள்? இந்தக் கரையில் எல்லாம் தட்டையான பூமி. மழை விட்ட காலையில் வயல்வெளியில் நின்று மேற்கே பார்த்தால் தூரத்தில் நீலமாக ஏதோ தெரியும், அவ்வளவுதான் எங்களுக்கு வாய்த்த மலை. ஆனாலும் அந்தப் படங்களைத் திரையில் திறந்துவைத்து மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் பேனையை எடுத்து, கை எடுக்காமல் ஒரே கோடாக இழுத்தாள். கோடு மலையாக ஏறி, உச்சியில் மரமாகக் கிளைத்து, சரிவில் இறங்கி, ஆறாக வளைந்து கடதாசியின் ஓரத்தில் போய் நின்றது. அதன் மேல் மெல்லிய வரிகளாகத் திராட்சைக் கொடிகள். எட்டு வருடம் ரோசாப்பூ வைத்த கைக்குள் இப்படி ஒன்று இருந்ததென்று அவளுக்கே அன்றுதான் தெரியும்.

ஒரு பிழை விட்டிருந்தாள். வயல் பார்த்து வளர்ந்தவள், கொடி வரிசைகளை வரம்பு கட்டுகிறமாதிரிச் சரிவுக்குக் குறுக்கே போட்டுவிட்டாள். வெள்ளைக்கார மனிசி கோபிக்கவில்லை, விளக்கமாக எழுதினாள்: எங்கள் சரிவில் வரிசைகள் மேலிருந்து கீழே ஓட வேண்டும், இரவில் குளிர்காற்று மலையிலிருந்து வழிந்து வரும், வரிசை குறுக்கே நின்றால் குளிர் அங்கேயே தங்கி, விடியும்போது இளந்தளிரெல்லாம் கருகிச் செத்துக் கிடக்கும்.

அன்று ஹஸன் தொலைபேசி எடுத்தபோது சுபைறா இதைத்தான் சொன்னாள். என்ன வேலை, எந்தப் போத்தல் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். கட்டிக்கொள்ளப்போகிறவரிடம் மறைக்கக்கூடாது என்று நினைத்தாள். நினைக்கட்டும், நல்ல பிள்ளைகள் அப்படித்தான் நினைப்பார்கள்.

 ஹஸன் சொன்னான்: "குளிரும் தண்ணியப் போலதான். மறிச்சா தேங்கும். அந்த மனிசி சொல்றது சரி."

"அதில்ல. நான் இதச் செய்யிறது உங்களுக்குப் பிரச்சினையில்லையா?"

"ஒரு மலையத்தானே கீறுறீங்க. நிய்யத்துத்தான், மனசுல உள்ள எண்ணந்தான் முக்கியம்."

இந்த ஒரு சொல்லுக்காகவே அந்த மனிதனை அவள் விரும்பினாள். தலையணைக்கடியில் கைபேசியை வைத்துக்கொண்டு அதையே நினைத்துக் கிடந்தாள்.

வரிசைகளைத் திருத்தி அனுப்பினாள். வேறு மூன்று டிசைனும் கூடவே போயின. வெள்ளைக்கார மனிசி கடைசியில் எடுத்தது பட்டமரம் மட்டும் நிற்கும் டிசைனை. ஒற்றைக்கோட்டு மலை வேண்டாமென்று வந்துவிட்டது.

இனி இந்தத் தொழிலின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்த அச்சகத்திலும் ஒருவர் வேண்டாமென்ற டிசைன் குப்பைக்குப் போகாது. பலசரக்குக் கடைக்குக் கீறி வேண்டாமென்றது பாலர் பாடசாலைக்குப் போகும். மௌத்து அறிவித்தலுக்குப் போட்ட கரை அடுத்த மாதம் பிறந்தநாள் காட்டில் நிற்கும். சுபைறாவும் அதைத்தான் செய்தாள். வேண்டாமென்ற மலையை எடுத்துத் தன் சொந்தக் கல்யாணக் காட்டில் போட்டாள். சாம்பல் பச்சைக் காட், அதில் தங்கக்கோட்டு மலை, மேலே பிஸ்மில்லாஹ், கீழே ஹஸனின் பெயரும் அவள் பெயரும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் கைபேசியில் ஹஸனுக்கு அனுப்பிக் கேட்டாள்.

"இது அந்த மலையா?"

"ஓம். அவங்க வேணாமெண்டுட்டாங்க. போடவா, வேணாமா?"

"வடிவா இரிக்கு. போடுங்க."

ஆயிரம் காட். ஸிராஜே முன்னால் நின்று அடித்தான், பரிசு என்று காகிதத்தையும் இலவசமாகக் கொடுத்தான். மெஷின்காரன் பவிதரன், காரைதீவுப் பொடியன், ஒரு காட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "அக்கா, இந்தக் கடையில அடிச்சதுக்குள்ள இதுதான் காட்" என்றான்.

முதல் காட்டைச் சுபைறாவும் உம்மாவும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய், அவன் தாய் றஹீமாவின் கையில் கொடுத்தார்கள். அவள் இரண்டு வருடத்துக்கு முன் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவள். காட்டைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினாள். "இது நான் ஹஜ்ஜுல கண்ட மலைதானே மகள்? அந்த மரம் கூட அப்படியே நிக்குது."

அங்கே மரம் நின்றதோ என்னவோ. சுபைறா ஹஸனைப் பார்த்தாள். ஹஸன் கோப்பையிலிருந்த பிளேன்டீயைப் பார்த்தான். அந்த இடத்தில் வாய் திறந்து "இல்ல, இது வேற மலை" என்றிருக்கலாம். நாலு சொல்தான். ஒரு தாயின் கண்ணீருக்கு முன்னால் அந்த நாலு சொல் வரவில்லை. றஹீமா காட்டுக்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினாள். வந்தவர்களுக்கெல்லாம் காட்டி, மருமகள் ஹஜ்ஜு மலையைக் கீறியிருக்கிறாள் என்றாள். ஊரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வெள்ளைக்கார மனிசி மனம் மாறினாள். பட்டமரம் சோகமாக இருக்கிறது, அந்த ஒற்றைக்கோட்டு மலையையே தாருங்கள், பிடித்தால் வருடம் முழுக்க உங்களுக்கே வேலை என்று எழுதினாள். சுபைறாவின் பெயரில் இருந்த முகவரிக்குத்தான் எழுதினாள். திறந்து படித்தவன் ஸிராஜ், கடவுச்சொல் அவனிடமும் இருந்தது. அந்த மலை ஆயிரம் வீட்டில் கிடக்கிறது, அடித்தவனே அவன்தான், தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தான். ஆஸ்திரேலியாவில் விற்கிற போத்தலைச் சாய்ந்தமருதில் எவன் காணப்போகிறான் என்று கணக்குப் போட்டான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த மனிசி நல்லவள். இந்தக் கதையில் நல்லவர்களால்தான் அதிகம் நாசம். புதுப் போத்தலை ஆற்றங்கரைக் கல்லில் வைத்துப் படமெடுத்து முகநூலில் போட்டு, "எங்கள் மலையைக் காணாமலே இவ்வளவு அழகாக வரைந்தவர் இலங்கை கல்முனையைச் சேர்ந்த சுபைறா, அவருக்கு எங்கள் முதல் போத்தல் சமர்ப்பணம்" என்று எழுதினாள். பெயரோடு, ஊரோடு.

கட்டாரில் வேலை செய்யும் எவனோ ஒருவன் கண்டான். கண்டவன் சும்மா இருந்தானா? கல்யாணக் காட்டை ஒரு பக்கமும் வைன் போத்தலை மறுபக்கமும் வைத்து ஒட்டி, "ஹஜ்ஜு மலையப் பாருங்க" என்று போட்டுவிட்டான். ளுஹர்த் தொழுகைக்கு முன் மருதமுனைக்கும் அஸர்த் தொழுகைக்கு முன் அக்கரைப்பற்றுக்கும் போய்விட்டது. பவிதரன்தான் மெஷினை நிறுத்திவிட்டு வந்து கைபேசியை அவள் மேசையில் வைத்தான். 

சுபைறா போத்தலைப் பார்த்தாள். இருண்ட கண்ணாடியில் அவள் கோடு. வெட்கக்கேடு என்னவென்றால், முதலில் அவள் மனதில் வந்தது காட்டை விடப் போத்தலில் அது வடிவாக இருக்கிறது என்பதுதான். அதற்குப் பிறகுதான் எழுந்து ஸிராஜிடம் போனாள்.

"காக்கா, இது எப்படிப் போச்சி?"

"மெயில் உன்ட பேர்லதானே" என்றான் ஸிராஜ். அவள் முகத்தைப் பார்க்காமல் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டான். அங்கே அவசரக் கூட்டம் போட்டிருந்தார்கள். கூட்ட அறிக்கையை எழுதுகிறவர் செயலாளர். செயலாளர் அவன்தான்.

அந்தக் கூட்டத்தில் அவன் அழுதானாம். எட்டு வருடம் தங்கச்சியாக வைத்திருந்தேன், எனக்குத் தெரியாமல் என் கம்பியூட்டரில் இந்த ஹராமைச் செய்துவிட்டாள், இன்றோடு நிறுத்திவிட்டேன் என்றானாம். மெயில்களை அச்சடித்துக் கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தான். எல்லாவற்றிலும் சுபைறா, சுபைறா, சுபைறா. எங்கள் ஊரில் பெண் பக்கத்துப் பள்ளி கடிதம் கொடுக்காமல் நிக்காஹ் நடக்காது. கடிதத்தை நிறுத்திவைப்பதாகத் தீர்மானம் எழுதினார்கள். ஸிராஜின் கையெழுத்து வடிவானது, சும்மா சொல்லக்கூடாது.

மறுநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு றஹீமா வந்தாள், அவள் தம்பியோடும் ஹஸனோடும். சட்டத்தோடு அந்தக் காட்டைக் கொண்டுவந்து சபூறாவின் கையில் கொடுத்தாள். சபூறா அதை வாங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஹராமக் கொண்டுவந்து என்ட வீட்டுச் சுவர்ல மாட்ட வெச்சிட்டாயே மகள்" என்றாள் றஹீமா. "வந்த ஆக்களெல்லாம் முத்தங் குடுத்துக் குடுத்துப் பாத்தாங்களே. நான் அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்ற?"

 சுபைறா வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்ற ஹஸனைத்தான் பார்த்தாள். முழுக் கல்யாணமும் இப்போது அவன் வாயில்தான் நின்றது. அவன் ஒரு சொல் சொன்னால் போதும், பள்ளிக் கடிதத்துக்கு வேறு வழி பார்க்கலாம், வேறு ஊர்ப் பள்ளி இருக்கிறது.

"நீங்க சொல்லுங்க. உங்களுக்கு முதலே தெரியும்தானே. காட்டுல போடவா எண்டு உங்களத்தானே கேட்டன்?"

றஹீமா மகன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா மகன்?"

ஹஸன் முன்னறைச் சுவரைப் பார்த்தான். போன வாரம்தான் அந்த இடத்தில் மின்விசிறிக்கு ஒரு சுவிச்சு வேண்டுமென்று அவன் சொல்லி, சுபைறா ஆள் பிடித்துப் போட்டுவைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியா உம்மா" என்றான். "ஏதோ மலை கீறுறா எண்டு நினைச்சன்."

அதுவும் முழுப்பொய் இல்லை, பாருங்கள். முழுப்பொய் சொல்லக்கூட அந்த மனிதனுக்குத் தைரியம் இல்லை. 'போடுங்க' என்று அவன் கைபேசியில் அனுப்பிய செய்தியை எடுத்துக் காட்டியிருக்கலாம்தான். சுபைறா கைபேசியைக் கையில் எடுத்தாள். பிறகு அதை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். இப்படிப்பட்டவனை இழுத்து நிறுத்தி என்னத்துக்கு என்று அந்த நொடியில் தோன்றிவிட்டது. அவர்கள் போனபிறகு சபூறா சட்டத்திலிருந்து காட்டை உருவி அடுப்பில் போட்டாள். தங்கக்கோடு இலேசில் எரியவில்லை, பச்சையாகப் புகைந்தது.

இரண்டு மாதம் சுபைறா வாசல் தாண்டவில்லை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருந்த மற்ற அச்சகங்கள் அவள் பெயரைக் கேட்டவுடன் இடமில்லை என்றன. மூன்றாம் மாதம் ஸிராஜ் ஆள் அனுப்பினான். கடையில் காட் கீற ஆளில்லை, வந்த இரண்டு பேரும் ரோசாப்பூவைத் தலைகீழாக வைக்கிறார்கள். பின்கதவால் வந்து பின்னறையில் இருந்து வேலை செய்யலாம், சம்பளம் பாதி, முன்னுக்கு வரக்கூடாது.

போகாதே என்று நாங்கள் சொல்லலாம். கூரையில்லாத மேல்மாடிக்குள் மாரிமழை இறங்கிக் கொண்டிருந்தது, உம்மாவுக்கு மருந்து முடிந்திருந்தது. போனாள்.

முதல்நாள் ஸிராஜ் ஒரு கோப்பைத் திறந்து வைத்துவிட்டு, "இதுல பேர மட்டும் மாத்து. அவசரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சாம்பல் பச்சைக் காட். மலையை மட்டும் அழித்திருந்தார்கள். மாப்பிள்ளை பெயர் ஹஸன். பெண் பெயர் இருந்த இடத்தில் சுபைறா என்றே கிடந்தது, அழிக்க யாரும் மெனக்கெடவில்லை. பக்கத்தில் ஒரு துண்டில் எழுதியிருந்தது: பஸ்னா.

சுபைறா தன் பெயரை அழித்தாள். எழுத்து எழுத்தாக அழிக்கத் தேவையில்லை, ஒரு தட்டில் போய்விடும். பஸ்னா என்று போட்டாள்.

பின்னறைத் திரை விலகியது. றஹீமா நின்றாள், மாதிரி பார்க்க வந்திருக்கிறாள். இங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் வந்திருக்கிறாள், முகத்தில் அதற்கான கூச்சம் ஒரு சொட்டும் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, திரையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"வெறுமையாக் கெடக்கே மகள். முதல் அடிச்சது எவ்வளவு வடிவா இரிந்த. கையில எடுத்த ஆக்கள் கீழ வெக்கமாட்டாங்க."

"அதுல மலை இரிந்த மாமி."

"ஓம், அதத்தான் நானும் சொல்றன். அதப்போல ஒண்டு போட்டுத் தா. அது வேணாம், வேற மலை." குரலைத் தாழ்த்தி, உரிமையோடு அவள் கையைப் பிடித்தாள். "ஹலாலான மலையாப் பாத்து."

சுபைறா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, "ஆரோட வந்தீங்க மாமி?" என்றாள்.

"மகன் ஓட்டோக்குள்ள இரிக்கான். அவனுக்கு இறங்க ஏலாதாம், வெயிலாம்."

"அவருக்கும் ஒருக்காக் காட்டுங்க, அடிக்க முந்தி."

பேனையை எடுத்தாள். கை எடுக்காமல் ஒரே கோடாக ஒரு மலை, அடியில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு சின்ன வீடு. றஹீமா பக்கத்தில் இருந்து மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுபைறா சரிவு முழுக்க மெல்லிய வரிகளைப் போட்டாள், இந்த முறை மேலிருந்து கீழே அல்ல. வரம்பு கட்டுகிறமாதிரி, குறுக்கே, ஒன்றன் கீழ் ஒன்றாக, வீட்டின் வாசல் வரைக்கும். இனி அந்த மலையில் இறங்குகிற குளிர் ஒன்றும் வெளியே போகாது.

அச்சடித்து றஹீமாவின் கையில் கொடுத்தாள். அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். பின்ஜன்னல் வழியாக, பின்சந்தில் நின்ற ஓட்டோ தெரிந்தது. றஹீமா காட்டை உள்ளே நீட்டினாள். ஹஸன் அதை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான், மறிச்சா தேங்கும் என்று சொன்னவன் அவன்தானே. தாய் என்னவோ கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். வடிவா இருக்கிறது, போடச் சொல்லுங்க என்று சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் றஹீமா சிரித்தபடி திரும்பி வந்து, ஆயிரம் அடிக்கச் சொன்னாள்.